பீடத்தில் வைத்த காது

ஜொவிட்டாவைப் பற்றிச் சொல்வதென்றால் பெற்றவளையும் சொல்ல வேண்டும், வளர்த்தவளையும் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் கூடப்பிறந்தவர்கள். பெரியவள் ஜோன், சின்னவள் ரெனிட்டா. ஜோனைக் கட்டிய ஆம்ப்ரோஸ் எனக்குத் தம்பி முறை. அவன் அப்பா ஜேக்கப்பும் என் அப்பாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சாந்தோமில் கடலைப் பார்க்கப் போகிற ஒரு சந்தில், முன் போர்ஷனில் அவர்கள், பின் போர்ஷனில் நான். நடுவில் ஒரு சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

எங்கள் வகையறாவில் தலைமுறைக்கு ஒருத்தர் கடல் தாண்டிப் போய்விடுவார்கள். ஜேக்கப் சித்தப்பாவின் தாய்மாமன் ரங்கூன் போனார், அங்கேயே குடும்பமாகிவிட்டார். அவருடைய தங்கை மகள் பினாங்குக்கு டீச்சர் வேலைக்குப் போனாள். இப்போது ஆம்ப்ரோஸின் மகன் டெரிக் ஒரு குளிர் தேசத்தில் இருக்கிறான். போனவர்கள் படமெல்லாம் ஆம்ப்ரோஸ் வீட்டு ஹாலில் வரிசையாக மாட்டியிருக்கும். ரெனிட்டா படம் மட்டும் கிடையாது. அவளும் கடல் தாண்டியவள்தான்.

ரெனிட்டாவைக் கட்டியவன் அவளை விட்டுவிட்டுப் போனபோது அவள் வயிற்றில் பிள்ளை. ஆம்ப்ரோஸ் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், அவன் பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரி கார்டு உண்டு. ரெனிட்டாவுக்கு ஒன்றும் கிடையாது. பிரசவ வலி எடுத்ததும் ஜோன் என்று பேர் சொல்லி ரெனிட்டாவைச் சேர்த்துவிட்டார்கள். அக்கா சேலையைத் தங்கை உடுத்திக்கொள்வது மாதிரி அக்கா கார்டு, அவ்வளவுதான் தோன்றியது. பிறந்த குழந்தைக்கு அம்மா ஜோன், அப்பா ஆம்ப்ரோஸ் என்று பதிவாகிவிட்டது. பிறகு ரெனிட்டா, பால்குடி மறக்காத பிள்ளையை அக்கா மடியில் போட்டுவிட்டு குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். வருஷம் திரும்புவதற்குள் அங்கே ரோட்டில் வண்டி மோதிப் போய்விட்டாள். அடக்கமும் அங்கேயே.

அந்தப் பிள்ளைதான் ஜொவிட்டா. அவள் ஆறாவது படிக்கும்போது ஜோன் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை அழவில்லை, கேட்டுக்கொண்டாள். "சரி மம்மி" என்றாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் ரெனிட்டா பேரை யாரும் எடுத்ததில்லை.

இப்போது ஜொவிட்டா பிளஸ் டூ, சயன்ஸ் குரூப். மொட்டை மாடியில் ஏறி நின்று, வானத்தில் நகர்கிற வெளிச்சம் எது விமானம் எது சாட்டிலைட் என்று சொல்லுவாள். டெரிக் இருக்கிற தேசத்தில் நட்சத்திரத்துக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறதாம். போனால் அதுதான் படிப்பேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். டெரிக் பெண்டாட்டியும் மாசமாக இருந்தாள். அம்மா, அப்பா, தங்கச்சி மூன்று பேரும் வந்துவிடுங்கள் என்று அவன் ஏற்பாடு செய்தான்.

முன்னேயெல்லாம் இதற்குக் கல்யாண ஆல்பம் கேட்பார்கள், ரேஷன் கார்டு கேட்பார்கள். போலி அதிகமாகிவிட்டதாம். அதனால் அந்த தேசத்துக்காரர்கள் இப்போது வீட்டுக்கே ஒரு பெட்டியை அனுப்புகிறார்கள். சுண்டல் டப்பா அளவுக்குக் கறுப்பாக இருக்கும். முன்பக்கம் கடுகு மாதிரி ஒரு நீல விளக்கு. வீட்டில் பேசுகிறதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும், எப்போதாவது அதுவே ஒரு கேள்வியும் கேட்கும். இவர்கள் நிஜமாகவே ஒரு குடும்பம்தானா, கூட்டிச் சேர்த்ததா என்று அதுவே முடிவு பண்ணும். தி. நகரில் இருக்கிற ஆபீஸிலிருந்து மாளவிகா என்கிற பெண் வந்து வைத்துவிட்டுப் போனாள். எப்போதும் போல இருங்கள், கரண்டைப் பிடுங்கிவிடாதீர்கள், எல்லோரும் ஒன்றாகக் கூடுகிற இடத்தில் வையுங்கள் என்று மூன்று தடவை சொன்னாள்.

எல்லோரும் கூடுகிற இடம் அந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு. ஹால் சுவரில் மாதா சுரூபம் வைத்த பீடம். சாயங்காலமானால் அங்கேதான் முட்டி போட்டு ஜெபமாலை சொல்லுவார்கள். சீரியல் லைட்டுக்காகப் போட்ட பிளக்கும் அங்கே இருக்கிறது. ஆம்ப்ரோஸ் பெட்டியைத் துணியால் துடைத்து, மாதாவுக்குப் பக்கத்தில், மெழுகுவர்த்தி ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்தான். ஒரு பூவும் வைத்தான். தேச விஷயம், மரியாதையாக இருக்கட்டும் என்றான். அதில் தப்பு இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அதற்கப்புறம் அந்த வீட்டுச் சத்தமே மாறிப்போனது. மீன் வாங்கினால் ஆம்ப்ரோஸ் ஒரு குறை சொல்லாமல் விடமாட்டான், ஜோன் பதிலுக்கு அவன் விசில் ஊதுகிற தொழிலை இழுக்காமல் இருக்கமாட்டாள். இருபது வருஷத்துக்கு மேலாக நான் சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டு வந்த சங்கதி. இப்போது என்னடாவென்றால், "ஆம்ப்ரோஸ், சாப்பாடு தயாராக உள்ளது" என்கிறாள் ஜோன். "மிகவும் நன்றி ஜோன்" என்கிறான் அவன். கோயிலில் அறிவிப்பு வாசிக்கிற மாதிரி.

மீன் கொண்டுவருகிற முனியம்மாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா வாத்தியாரே, ஜுரமா? வஞ்சிரம் சின்னதா கீதுன்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டன்றே."

ஜோன் பீடத்தைக் கண்ணால் காட்டினாள். முனியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள்.

"ஓ, இதான் அந்தக் காது டப்பாவா. நல்லா கேட்டுக்கோ ராசா. இந்தம்மா எனக்கு போன வாரத்து நெத்திலிக்குக் காசு தரல."

ஜொவிட்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அந்த மாசம் வந்த சிரிப்பு அது ஒன்றுதான். காது டப்பா என்கிற பேர் நிலைத்துவிட்டது.

ஜொவிட்டா மட்டும் ஆரம்பத்திலிருந்தே அடித்துக்கொண்டாள். டாடி, அது நல்லவங்களா கெட்டவங்களான்னு பாக்கறது இல்ல, நம்ம எப்பவும் போல இல்லன்னாதான் அதுக்கு சந்தேகம் வரும் என்று மாடியில் கூட்டிப் போய்ச் சொன்னாள். ஆம்ப்ரோஸ் கேட்கவில்லை. பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் பழகியவன் அவன். யாராவது பார்க்கிறார்கள் என்றால் நிமிர்ந்து நிற்கத்தான் தெரியும்.

டப்பா கேட்ட முதல் கேள்வி ஒரு மத்தியானம் வந்தது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண் குரல் மாதிரி ஒரு தமிழ். "இந்த வீட்டில் இன்று யாருக்குக் கோபம்?" என்றது. ஒருத்தருக்கும் இல்லை என்று ஆம்ப்ரோஸும் ஜோனும் ஒரே குரலில் சொன்னார்கள். "பதிவாயிற்று" என்றது.

பெசன்ட் நகர் மாதா கோயில் செப்டம்பர் திருவிழாக் கொடி இறங்கி இரண்டு வாரம் இருக்கும். ஜொவிட்டாவுக்கு அன்றைக்கு பிசிக்ஸ் பரீட்சை. படிக்கிறதற்காக சீக்கிரம் எழுந்து ஹாலுக்கு வந்தவள், கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். ஜோன் பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அது கல்யாணமான நாளிலிருந்து இருக்கிற பழக்கம். எழுந்ததும் முகம் கழுவி, யாரும் எழுவதற்கு முன்னால், மாதா காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் முணுமுணுப்பாள். என்ன சொல்வாள் என்று யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்கவும் மாட்டார்கள், அது அவளுக்கும் மாதாவுக்கும் நடுவில்.

அன்றைக்கு அது ஜொவிட்டா காதில் விழுந்தது. "ரெனி பிள்ளைய என் பேர்ல எழுதிட்டேன் தாயே. அது வெளிய வந்துடாம பாத்துக்கோ. ரெனி, நீயும் பாத்துக்கோடி. உன் பொண்ண விட்டுட்டு நான் எங்கியும் போகமாட்டேன்" என்று ஜோன் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதா காதுக்கும் டப்பாவுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்த நீல விளக்கு எப்போதும் இருக்கிறதை விடப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. கவனமாகக் கேட்கும்போது அப்படி எரியும் என்று ஜொவிட்டாவுக்குத் தெரியும்.

பரீட்சை என்ன எழுதினாள் என்று அவளுக்கே நினைவில்லை. சாயங்காலம் நேரே என் போர்ஷனுக்கு வந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. ஜோனையும் இங்கேயே கூப்பிட்டு விடச் சொன்னாள். குரல் சுவரைத் தாண்டாதபடி மெல்லக் கேட்டாள்.

"மம்மி, தினமும் அப்படித்தான் சொல்றீங்களா?"

ஜோனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாதா கிட்ட சொன்னத அது எப்படிடி கேக்கும்? அது நம்ம பேசறதத்தானே கேக்குது?"

"அதுக்கு மாதா யாரு, டாடி யாருன்னு தெரியாது மம்மி. சத்தம் வந்தா கேக்கும்."

 டப்பா வந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் சொல்லியிருக்கிறேனே என்றாள் ஜோன். அதுவும் தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

ஆம்ப்ரோஸ் வந்து விஷயம் கேட்டதும் டப்பாவைத் தூக்கி சமையலறையில் வைத்துவிடுகிறேன் என்று கிளம்பினான். ஜொவிட்டா குறுக்கே நின்றாள். இப்போது எடுத்தால் எதற்கு எடுத்தோம் என்று அது யோசிக்கும் என்றாள். பிடுங்கினால் மூன்று பேர் ஃபைலும் அன்றைக்கே மூடிவிடும் என்றாள். ஒருவேளை அதற்குப் புரியாமல் இருக்கலாம், முணுமுணுப்புதானே என்று ஆம்ப்ரோஸ் சொன்னான். முணுமுணுப்பு புரிவதற்காகவே செய்த மெஷின் டாடி அது என்றாள். 

மறுநாளிலிருந்து ஜோன் பீடத்துப் பக்கம் போகவில்லை. விடியும்போது முக்காடு போட்டுக்கொண்டு பெரிய கோயிலுக்கு நடந்து போனாள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தாலும் வாய் திறக்க மாட்டேனென்கிறது அக்கா, தூணெல்லாம் காது மாதிரி இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். ஒரு சின்ன வயசுப் பெண்ணுக்கு ஒரு வார்த்தையில் எதிர்காலம் போய்விடும், அந்த வார்த்தையை நானே சொல்லிவிட்டேன் என்று சாப்பிடாமல் கிடந்தாள். ஜெபமாலையின்போது மூன்று பேரும் மனப்பாடமாகச் சொல்லுவார்கள், கடைசியில் அவரவர் சொந்த வேண்டுதலுக்காக ஒரு நிமிஷம் மௌனமாக இருக்கிற வழக்கத்தை விட்டுவிட்டார்கள். மௌனத்தில்கூட எதையாவது கேட்டுவிடுமோ என்று பயம்.

அப்படி ஒரு வாரம் போயிருக்கும். ராகி கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது டப்பா பேசியது.

"ஜோன் அவர்கள் காலையில் வருவதில்லை. ஏன்?"

ஆம்ப்ரோஸ் கையிலிருந்த டம்ளர் சாய்ந்துவிட்டது. உடம்பு சரியில்லை என்று ஜோன் சொன்னாள். "பதிவாயிற்று" என்றது. 

அந்த வாரமே மாளவிகா போன் பண்ணினாள். ஜொவிட்டா மட்டும் ஆபீஸுக்கு வரட்டும் என்றாள்.

ஆம்ப்ரோஸ் கூட்டிக்கொண்டு போனான். பாண்டி பஜாரில் தீபாவளிக் கூட்டம், ஆட்டோ நகரவில்லை. வழியெல்லாம் ஆம்ப்ரோஸ் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தானாம். "ரெனிட்டா யாருன்னு கேட்டா சித்தின்னு சொல்லு. அது பொய் இல்லையேம்மா. அதோட நிறுத்திக்கோ." ஜொவிட்டா வெளியே பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டியிருக்கிறாள்.

உள்ளே நடந்ததை அவள் வந்து என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன். சின்ன ரூம், ஒரு நாற்காலி, மேஜைமேல் வீட்டில் இருக்கிற அதே டப்பா, அதே கடுகு விளக்கு. மாளவிகா கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். டப்பா முதலில் ஸ்கூல், பரீட்சை, டெரிக் பற்றி என்னென்னவோ கேட்டது. பிறகு கேட்டது.

"ரெனி என்பவர் யார்?"

"சித்தி."

அத்தோடு நிறுத்தினாள். டப்பா அடுத்த கேள்வி கேட்கவில்லை. விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது. காத்துக்கொண்டே இருந்ததாம். அந்த நேரத்தில் அவள் மனசில் ஓடியது இதுதான். சித்தி என்று விட்டுவிட்டால், தினமும் விடியக்காலையில் மாதாவிடம் பேசிய மம்மி பொய்க்காரி ஆகிவிடுவாள். முழுசையும் சொன்னால் தான் இங்கே நின்றுவிட வேண்டியதுதான், நட்சத்திரப் படிப்பும் போச்சு. 

"என்னைப் பெத்தவங்க" என்றாள்.

"ஜோன் உங்களுக்கு யார்?"

"மம்மி."

"விளக்கவும்."

ஜொவிட்டாவுக்கு அழுகை வந்தது, அழவில்லை. "மம்மி எனக்குத் தலை பின்னும்போது இழுத்து இழுத்துப் பின்னுவாங்க. வலிக்குதுன்னு கத்துவேன். உடனே, ரெனிக்கும் இப்படித்தான்னு சொல்ல வாயெடுப்பாங்க, சொல்லாம நிறுத்திடுவாங்க. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். அந்த எடத்துல அவங்க நிறுத்தறது எனக்கு மட்டும்தான் தெரியும். டாடிக்குக்கூடத் தெரியாது."

 "பதிவாயிற்று" என்றது. விளக்கு பழையபடி மங்கியது.

வெளியே வந்து ஆம்ப்ரோஸிடம் சொன்னதும் அவன் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டானாம். திட்டவில்லை. அவள் ஸ்கூல் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான்.

முடிவைச் சொல்ல மாளவிகா நேரிலேயே வந்தாள். ஆம்ப்ரோஸுக்கும் ஜோனுக்கும் வழி திறந்துவிட்டது. ஜொவிட்டா பேர் மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இவர்கள் குடும்பம் என்பதில் பெட்டிக்கு ஒரு சந்தேகமும் இல்லை, பேப்பர்தான் இடிக்கிறது, முறைப்படி தத்தெடுத்ததாகக் கோர்ட்டில் சரி பண்ணினால் மறுபடி பார்ப்பார்கள் என்றாள். எத்தனை நாளாகும் என்று ஜோன் கேட்டாள். மாளவிகா தரையைப் பார்த்தாள். ஜொவிட்டாவுக்குப் பதினெட்டு வருவதற்குள் முடிந்தால் நல்லது, தாண்டிவிட்டால் பிள்ளை என்று கூட்டிப் போக முடியாது என்றாள். பதினெட்டு வருவது மார்ச் மாசம்.

ஆழ்வார்பேட்டையில் ஸ்ரீனிவாசராகவன் என்று ஒரு வக்கீல். ஆம்ப்ரோஸிடம் பந்து விளையாடக் கற்றுக்கொண்டவனின் அப்பா. அவரிடம் போனார்கள். கேட்டுவிட்டு, கார்டு விஷயத்துல கேள்வி வரும், பயப்படாதேள்னு நான் சொல்லமாட்டேன், ஆனா இப்படியே விட்டுண்டு போனா அது ஆயுசுக்கும் கூடவே வரும் என்றார். மனு போட்டார்கள்.

அன்றைக்கு சாயங்காலம்தான் வீட்டில் பழைய சத்தம் கேட்டது. ஜொவிட்டாதான் ஆரம்பித்தாள். எனக்காக யாரும் நிற்கவேண்டாம், அண்ணிக்கு டிசம்பரில் பிரசவம், நீங்கள் இரண்டு பேரும் கிளம்புங்கள், நான் அத்தையோடு பின் போர்ஷனில் இருந்துகொள்வேன் என்று கத்தினாள். டப்பாவுக்கு முன்னாலேயே. ஆம்ப்ரோஸ் அவளை அடக்கப் பார்த்தான்.

"ஒருத்திய கப்பலேத்திட்டு நான் இங்க நின்னேன். திரும்பி வரல" என்றாள் ஜோன். "இப்ப நான் ஏறிப் போயி நீ இங்க நிக்கிறதா? அதுக்கு வேற ஆளப் பாரு."

"ப்ளேன்ல போனாங்க மம்மி. கப்பல் இல்ல."

"வாய் பேசாத. ரெனியும் இப்படித்தான்."

சொல்லிவிட்டாள். இந்தத் தடவை நிறுத்தவில்லை. 

ஆம்ப்ரோஸ் மட்டும் போவதென்று முடிவானது. கிறிஸ்மஸுக்கு முன்னால் டிக்கெட். ஜோன் தகரப் பெட்டியைக் குடைந்து ரெனிட்டா படம் ஒன்றை எடுத்து, போனவர்கள் வரிசையில் பினாங்கு டீச்சருக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஃபைல் மூடவில்லை என்பதால் மாளவிகா டப்பாவை எடுத்துக்கொண்டு போகவில்லை. அது பீடத்திலேயே இருந்தது. எப்போது கோர்ட் கூப்பிடும், என்ன கேட்கும், ஜோனை உள்ளே தள்ளிவிடுவார்களா என்று ராப்பகலாகக் கவலை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே ஜோன் எழுந்து நிற்பாள். ஜொவிட்டா மாடிக்குப் போவதை விட்டுவிட்டாள். இப்போது வானத்தைப் பார்த்தால் ஆசை வருது அத்தை, வேணாம் என்றாள்.

நவம்பர் இரண்டாம் தேதி வந்தது, கல்லறைத் திருநாள். விடிந்ததிலிருந்து தூறல். நான் மெழுகுவர்த்தி கேட்கலாம் என்று முன் போர்ஷனுக்குப் போனேன். ஜோன் பீடத்துப் பக்கம் போகாமல் அடுப்படியிலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். ஜொவிட்டா தலை விரித்தபடி சீப்போடு உட்கார்ந்திருந்தாள். அப்போது டப்பா பேசியது.

"இன்று ரெனிட்டாவுக்கு ஜெபம் இல்லையா?"

ஜொவிட்டா எழுந்து ஜோன் பக்கத்தில் போய் நின்றாள்.

"பதில் சொல்லாதீங்க மம்மி" என்று ரகசியமாகச் சொன்னாள். "எதுக்குக் கேக்குதுன்னு தெரியல. இன்னும் கேஸ் இருக்கு."

ஜோன் சேலையில் கையைத் துடைத்தாள். ஹாலுக்கு வந்தாள்.  பீடத்துக்கு முன்னால் நின்று, முணுமுணுக்காமல், சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னாள்.

"இருக்கு. இன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் கல்லறைக்குப் போறோம். நீ கேக்கறதுன்னா கேட்டுக்கோ."

அப்புறம் ஜொவிட்டாவை உட்கார வைத்து, இழுத்து இழுத்துத் தலை பின்னினாள். ஜொவிட்டா வலிக்குது என்று சொல்லவில்லை.

நானும் அவர்களோடு போனேன். குயிபிள் ஐலண்ட் கல்லறையில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறு தேசத்தில் அடக்கமானவர்களுக்கு நடுச் சிலுவைக்குக் கீழே மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ரங்கூன்காரருக்கும் பினாங்கு டீச்சருக்கும் நான் வருஷாவருஷம் ஏற்றுகிறேன். ரெனிட்டாவுக்கு இதுவரை யாரும் ஏற்றியதில்லை. ஜொவிட்டா சாமந்திப் பூவைப் பிய்த்துப் போட்டு, ஈரத்தில் பிடிக்காத தீக்குச்சியை மறுபடி மறுபடி உரசினாள். ஜோன் முந்தானையை விரித்துக் காற்றை மறைத்தாள்.

"இதையும் போய் அது கிட்ட சொல்லணுமா மம்மி?" என்று ஜொவிட்டா கேட்டாள்.

"சாயங்காலம் ஜெபத்துல சொல்லலாம். முதல்ல பத்த வை, மழை வருது."

கடைசி குச்சியில் பற்றியது.